பின்பாட்டுக்காரர்களின் கரை



உடப்புக் கரையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை தேநீர்க் கேத்தல் தூக்குவது. அப்போது ஏழெட்டு வயதிருக்கும். விடியுமுன் அம்மா பிளேன்ரீ ஊற்றி, தொட்டுக் குடிக்கப் பனங்கட்டியைத் துணியில் முடிந்து கையில் தந்து அனுப்புவார். மணலில் கால் புதையப் புதைய நடந்தால் அப்பாவும் பெரியப்பாவும் நிற்கிற இடத்தைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. இருட்டில் ஆள் தெரியாது, குரல் தெரியும். பெரியப்பா வலை இழுக்கிற பாட்டான அம்பாவை எடுத்துப் பாடுகிறவர். அவர் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தக் கயிறுதான் எங்கள் கயிறு.

உங்களுக்குக் கரைவலையை விளக்க வேண்டியதில்லை. இந்த உரையை அச்சில் படிக்கப்போகும் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் ஆட்களிடம் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே சென்று, மறுகயிற்றோடு தூரத்தில் இன்னோரிடத்தில் கரையேறும். இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இழுக்க இழுக்க இரு கூட்டமும் கரையோரமாக ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மீனோடு வலையின் மடி கரையேறும். அதற்கு மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் பாட்டு நிற்காது.

ஒருவர் அடியை எடுப்பார், மற்றவர்கள் அதை வாங்குவார்கள். எடுக்கும்போது மற்றவர்கள் காலை ஊன்றி மூச்சைச் சேர்த்துக்கொள்வார்கள். வாங்கும்போது இழுப்பார்கள். வலையை நகர்த்துவது வாங்கும் அடிதான். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பெரியப்பாதான் பாடுகிறார், மற்றவர்கள் கூடக் கத்துகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மாற எனக்கு முப்பது வருடமும் ஒரு சமுத்திரமும் தேவைப்பட்டன. இன்று நான் சொல்ல வந்திருப்பது அதைத்தான்.

இந்த ஊரில் பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் 'சபை' என்பது என்னவென்று தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாளும் திருவிழா. பூமிதிப்பு முடியும்வரை ஊரே பாரதத்துக்குள் இருக்கும். பாடுகிறவர் ஒரு சொல்லில் தடுமாறினால் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களில் மூன்று பேர் ஒரே நேரத்தில் அதை எடுத்துக்கொடுப்பார்கள். அவமதிப்பாக யாரும் நினைத்ததில்லை. சித்திரைச் செவ்வாயில் பெண்கள் கும்மி அடிக்கும்போது ஒரு கை தப்பினால் வட்டமே திரும்பிப் பார்க்கும். எங்கள் மூதாதையர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கிருந்து எதையெதைக் கொண்டுவந்தார்களோ தெரியாது, இந்தப் பழக்கத்தைக் கட்டாயம் கொண்டுவந்திருக்க வேண்டும். பாடுகிறவரைத் தனியே விட்டுவிடாத பழக்கம் இது.

பிறகு நான் இசை படிக்க யாழ்ப்பாணம் போனேன். அங்கே அம்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. வர்ணமும் கீர்த்தனையும் பாடுகிறவர்கள் நடுவில், வலை இழுக்கிற பாட்டுத் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் யாரும் எனக்குத் தந்ததல்ல. நானே எடுத்துப் போர்த்திக்கொண்டது. இன்று ஊர் நடுவில் நின்று அதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

ஆனால் யாழ்ப்பாணத்திலும் என் ஊரைத்தான் பார்த்தேன் என்பது பின்னால் புரிந்தது. இணுவிலில் 1933இல் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்துவிட்டார். தமிழ்நாட்டின் பெரிய நாகஸ்வரக் கலைஞர்கள் விரும்பித் தங்களோடு வாசிக்க அழைத்த கை அது. நான் அங்கே போனபோது அவர் இல்லை, அவரைக் கேட்ட காதுகள் இருந்தன. கோயில் வீதியில் தவில் நடக்கும்போது, சால்வையை இடுப்பில் கட்டிய வயசாளிகள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு முடிகிற இடத்துக்கு வாசிப்பவருக்கு முன்பே அவர்கள் போய்க் காத்திருப்பார்கள். வந்து சேர்ந்தால் தலை அசையும், சேராவிட்டால் அசையாது. அவ்வளவுதான். ஒரு மேதையை ஆக்குவது குருவும் சாதகமும் மட்டுமே என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். அந்தத் தொடைகளில் விழுந்த தாளத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் வாதம்.

கொழும்பில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டுக் குடும்பத்தோடு கனடா போனேன். ஸ்காபரோவில் வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. ஒரு வருடம் விழாவுக்கு ஏதாவது 'ஊர்ப் பாட்டு' வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அம்பா சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், சொல்லும் தெளிவு. நான் எடுக்க, அவர்கள் வாங்கினார்கள். கேட்கக் கேட்க எனக்கு உள்ளே என்னவோ செய்தது. எல்லாம் சரியாக இருந்தது, பாட்டு மட்டும் வரவில்லை.

அடுத்த வாரம் கடையில் ஒரு பருமனான கயிறு வாங்கிக்கொண்டு போனேன். மறுமுனையை ஆறு அப்பாமாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். விட்டுக்கொடுக்கவும் கூடாது, வெல்லவும் கூடாது, கடல் மாதிரி கனமாக இருங்கள் என்றேன். பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வாங்கியபோது தொண்டையில் நின்ற குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது. ஒரு கணம் எனக்கு மணல் வாடை வந்தது. கனம் இல்லாமல் அம்பா இல்லை என்பது அன்று தெரிந்தது. கையில் பாரம் ஏறும்போது மூச்சு தானாக இடைவெளி விடுகிறது, அந்த இடைவெளியில்தான் அந்த மெட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை வெறும் சுரமாக எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. பத்துப் பன்னிரண்டு அடி பாடியதும் எனக்குப் பாட்டுத் தீர்ந்துபோயிற்று. பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி அடுத்த அடிக்காகக் காத்து நின்றார்கள். பெரியப்பாவுக்கு மூன்று மணி நேரமானாலும் அடி தீர்ந்து நான் பார்த்ததில்லை. சாமியைப் பாடுவார், காற்றைப் பாடுவார், வலைக்காரரின் கஞ்சத்தனத்தை அவர் காதுபடவே பாடுவார். இழுக்கிறவர்கள் சோர்ந்தால் ஒருவரைப் பிடித்துக் கேலி பாடுவார், சிரிப்பில் இன்னும் நாலு பாகம் கயிறு வந்துவிடும். அத்தனையும் அந்தந்த நேரத்தில் அவர் வாயில் பிறந்தவை. எங்கும் எழுதி வைக்கவில்லை. அவரும் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன.

ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. அவர் வேறொருவரின் பேரைச் சொன்னார். நாற்பது வருடம் அதே கயிற்றில் பெரியப்பாவுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நின்று இழுத்தவர். எந்த மேடையிலும் ஏறாதவர். அவரைப் பாடகர் என்று யாரும் சொன்னதும் கிடையாது. அவரைத் தொலைபேசியில் பிடித்துப் பாடச் சொன்னால், "நான் பாடுறவனில்லையே தங்கச்சி, வாங்கிறவன்தானே" என்றார். நான் அடியை எடுத்தேன். அந்தப் பக்கமிருந்து அவர் வாங்கினார். பிறகு, "இதுக்கு அடுத்தாப்பில அண்ணன் இப்பிடி எடுப்பாரு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒன்றரை மணி நேரம் சொன்னார். பெரியப்பா பாடி மறந்தவையெல்லாம் அவரிடம் இருந்தன. எடுத்தவர் போய்விட்டார், பாட்டு வாங்கியவரிடம் இருந்தது.

ஊரைவிட்டுப் போன எங்களைப் போன்றவர்கள் மேடையேறினால் முதலில் குருவுக்கு நன்றி சொல்கிறோம், அடுத்தது பெற்றோருக்கு, பிறகு கடவுளுக்கு. அது சரிதான். கயிற்றில் மூன்றாவது ஆளாக நின்றவருக்கு யாரும் சொல்வதில்லை. அவர் ஓர் ஊர் முழுக்க இருக்கிறார்.

சுவாமி விபுலாநந்தரை நினைத்துப் பார்க்கிறேன். காரைதீவில் 1892இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்தில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியர் என்று வாழ்நாளில் பாதி ஊருக்கு வெளியே கழிந்தது. பழந்தமிழ் யாழையும் பண்ணையும் ஆராய்ந்து அவர் செய்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். சிலப்பதிகாரத்திலிருந்து சுரக்கணக்குப் போடுகிற அந்தக் கடுமையான ஆராய்ச்சிக்குள், மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் எழுகிற ஒலியை, மீன் பாடுகிறது என்று அந்த ஊரார் சொல்வார்களே, அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகப் பாடி வைத்தார். எத்தனையோ நாட்டு ஆற்றையும் மலையையும் பார்த்த மனிதருக்குத் தன் ஊர் வாவியின் முணுமுணுப்பு இசைநூலுக்குள் வைக்கத் தக்கதாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது மிகப் பெரிய தைரியம்.

நம் கரையோ வேறு வகை. இங்கிருந்து போனவர்களைவிட இங்கே வந்து சேர்ந்தவர்களின் கதைதான் நீளம்.

கோவாவில் டிவார் தீவில் 1676இல் பிறந்த யாகோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒளிந்து வழிபட்ட காலம். தாய்மொழி கொங்கணி. இங்கே வந்து தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். 1742இல் நம் புத்தளம் மாவட்டத்திலேயே, போலவத்தையில் உயிர்விட்டார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒப்பாரி போல இழுத்து ஓதும் வழக்கம் கத்தோலிக்கக் கரைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது. தன் ஊர்ப் பாட்டை விட்டு வந்த ஒருவர், வந்த ஊரின் அழுகை மெட்டுக்குச் சொல் கொடுத்திருக்கிறார். குருமார் இல்லாத ஆண்டுகளிலும் அந்த விசுவாசம் நிலைத்ததற்குக் கூடியிருந்து ஓதிய குரல்களுக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன். இந்தக் கரையில் தமிழ் பேசிய பல கத்தோலிக்கக் குடும்பங்கள் பின்னாளில் சிங்களத்துக்கு மாறிவிட்டன. ஆனாலும் ஆடி, ஆவணியில் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனால் இரண்டு மொழியிலும் பாட்டு எழும். பக்கத்தில் நிற்பவர் எந்த மொழியில் பாடுகிறார் என்று பார்த்து யாரும் தள்ளி நிற்பதில்லை.

புத்தளத்துக்கு அருகே சிராம்பியடிக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் தயவுசெய்து போய்வாருங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் கிழக்காபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். பிரித்தானியர் படையில் இருந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, இந்தப் பகுதியிலேயே குடியமர்ந்தார்கள். சிங்களவரோடும் தமிழரோடும் கலந்து மணந்து, வீட்டுமொழி சிங்களமாகிவிட்டது. முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி பேச்சில் போய்விட்டது, பாட்டில் நிற்கிறது. 'மான்ஜா' என்கிறார்கள். றபானும் டோலும் அடிப்பார்கள். சிரட்டையோடு சிரட்டை தட்டுவார்கள். போத்தலில் கரண்டியால் தாளம் விழும். மெதுவாக, ஏதோ களைப்பு தீர்க்கிற மாதிரித் தொடங்கும். பிறகு நடை ஏறி ஏறி, முடிகிறபோது உட்கார்ந்திருப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

அங்கே ஒரு மூதாட்டியிடம் ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னார், அடுத்ததற்குச் சிரித்தார், மூன்றாவதற்கு மகளைப் பார்த்தார். மகளுக்கும் தெரியவில்லை. பொருள் தெரியாத பாட்டை ஏன் பாடுகிறீர்கள் என்று கேட்க என் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அதற்குள் அவர் எடுக்க, பின்னாலிருந்த பேரப்பிள்ளைகள் வாங்கிவிட்டார்கள். முதலில் எடுத்துப் பாடியவர் எந்தக் கடலுக்கு அப்பால் பிறந்தவரோ, எந்தப் படைமுகாமில் இறந்தவரோ. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் பாட்டு இருக்கிறது. மொழி செத்தும் பாட்டு சாகாமல் நிற்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஆறு-எட்டுத் துள்ளல், நம் கணக்கில் திஸ்ர நடை, இலங்கை முழுக்கத் தெரிந்ததுதான். கஃப்ரிஞ்ஞா, பைலா என்று கிளைத்து ஓடியது. அந்த ஓட்டத்தில் வந்ததுதான் நமது தமிழ்ப் பொப்பிசையும். ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனார். 2018இல் சென்னையில் மறையும்வரை அவர் பேரோடு 'சிலோன்' ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டின் இயல்பைப் பாருங்கள். தனியே பாடினால் நாலு வரி. கேட்பவர் திருப்பிப் பாடினால்தான் அது பாட்டு. பைலா எங்கே போனாலும் தன் ஊரைக் கையோடு கொண்டுபோகிற வித்தை அதுதான். தெரியாத ஊர்ச் சபையையும் ஐந்து நிமிடத்தில் வாங்குகிறவர்களாக ஆக்கிவிடும். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினத்தின் பாட்டுக்கு அவுஸ்திரேலியாவில் கைதட்டுகிறவர்கள் எந்த ஊரை நினைத்துத் தட்டுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒரு வருகையைச் சொல்லாமல் போனால் இந்த மாவட்டத்தின் கதை முழுமையாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கற்பிட்டிச் சாலையோரம் ஒரு கலியாண வீட்டில் பெண்கள் பாடுவதைக் கேட்டேன். பாட்டில் மன்னார்ப் பக்கத்து இடப்பெயர்கள் வந்தன. பாடியவர்களில் பாதிப்பேர் அந்த இடங்களை விட்டு வந்தபோது கைக்குழந்தைகள். மற்றப் பாதி அதன்பிறகு பிறந்தவர்கள். ஒரு பெரியம்மா குரலெடுக்க, பார்த்தேயிராத ஊரின் பேரை அந்தப் பிள்ளைகள் உரிமையோடு வாங்கினார்கள். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை ஏராளம். இது மட்டும் கைமாறி வந்துவிட்டது. கேட்டுக்கொண்டு நின்ற எனக்குப் பேச்சு வரவில்லை.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி நம் கரையின் பெருமை. 1834இல் இலங்கை முழுமைக்கும் ஓர் இடவிவரக் களஞ்சியம் தொகுத்தவர், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் 'தமிழ் புளூட்டாக்' என்று ஆங்கிலத்தில் தந்தவர். புலவர்களைப் பேர்பேராகத் தேடிச் சேர்த்த அந்த உழைப்பை மதிக்கிறேன். அவர் பிறந்த கரையில் கயிறு இழுத்தவர்களுக்கு அப்படியொரு நூலில் இடமிருக்க வழியில்லை, பேர் இல்லாதவர்களுக்குச் சரித்திரம் எழுதும் முறை அன்று இல்லை. இன்று ஒலிப்பதிவு இருக்கிறது, காணொளி இருக்கிறது. ஆனாலும் அம்பா பதிவு செய்ய வருகிறவர்கள் எடுத்துப் பாடுகிறவரின் சட்டையில்தான் மைக்கைச் செருகுகிறார்கள். மூன்றாவது ஆளின் குரல் பின்னணி இரைச்சலாகக் கேட்கிறது. நானும் அப்படித்தான் முதல் பதிவைச் செய்தேன். தயவுசெய்து இனி வருகிறவர்கள் ஒரு மைக்கையாவது பின்னால் வையுங்கள்.

இப்போது கரையில் பாட்டுக் குறைந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்க வந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அப்பாவின் உள்ளங்கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கடைசிப் பத்து வருடம் அவர் நிமிர்ந்து படுத்ததில்லை. கயிறு பிடிக்க ஆளும் இல்லை. இளந்தாரிகள் கொழும்புக்குப் போகிறார்கள், வளைகுடாவுக்குப் போகிறார்கள். தெற்கே வென்னப்புவைப் பக்கத்தில் இத்தாலிக்குப் போன பிள்ளை இல்லாத தெரு அரிது. நானே போனவள்தான். போனவள் வந்து, நீங்கள் மட்டும் பாட்டுக்காக முதுகொடிய இழுங்கள் என்று சொல்வது அநியாயம்.

என்ன செய்யலாம் என்று இரண்டு வருடமாக இந்த ஊர்ப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்களுக்கு விழா எடுப்பது சுலபம், பொன்னாடை வாங்குவது சுலபம். நான் கேட்டது வேறு. பருவகாலத்தில் மாதம் ஒருநாள், ஒரே ஒரு வலையை, மடி நெருங்குகிற கடைசிப் பகுதியை மட்டும் கையால் இழுக்க வேண்டும். அன்றைக்கு வலைக்காரருக்கு ஆகும் கூலியையும் தாமதத்தால் வரும் நட்டத்தையும் நாங்கள் வெளியிலிருந்து கொடுக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு இடையில் நின்று கயிறு பிடிக்கட்டும். எடுக்கக் கற்பது பிறகு பார்க்கலாம், முதலில் வாங்கட்டும்.

நாளைக் காலை அதில் முதல் வலை. வள்ளம் நாலரைக்கு இறங்கும் என்றார்கள், ஆறரைக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஈரக் கயிறு வழுக்கும் என்பதால் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு வராதீர்கள். தொலைபேசியில் பெரியப்பாவின் அடிகளைச் சொன்ன அந்தப் பெரியவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, கயிறு பிடிக்க முடியாது. ஒரு கதிரை போட்டு அவரை மணலில் உட்காரவைத்து, எடுத்துப் பாடச் சொல்லியிருக்கிறோம். வாழ்க்கையில் முதல்தடவையாக. தயங்கினார், கடைசியில், வாங்க ஆள் இருந்தால் பார்க்கிறேன் என்றார். பெண்கள் கயிறு பிடிக்கிற வழக்கம் நம் கரையில் இல்லை. வலைக்காரரிடம் நான் கேட்டிருக்கிறேன், அவர் சரி என்றுவிட்டார். எனக்கு மூன்றாவது இடம்.